யப்பானிலே தனிக்குடித்தனம்



யப்பானிலே தனித்து வாழ்பவன் ஒருநாள் முழுவதும் வாய் திறவாமலே கழித்துவிடலாம். சாப்பாட்டுக் கடையிற் சீட்டைத் தருவது இயந்திரம். கடைக்காரர் கூவும் 'இரஷ்ஷாய்மசே' என்ற வரவேற்புக்கு மறுமொழி சொல்வார் எவருமிலர். ஆயினும், வெறும் வீட்டினுட் புகும்போதே 'ததாயிமா', அதாவது 'இதோ வந்துவிட்டேன்', என்று சொல்வோர் உண்டு. யாருக்கு? முதலில் எனக்கு நகைப்பாயிருந்தது. சில மாதங்களில் நானும் சொல்லலானேன். தன் குரலும் ஒரு துணைதானே!

அயலாரோடு நம்மைப் பிணைப்பது, நம்பமாட்டீர்கள், குப்பைதான். எரிவது, எரியாதது, போத்தல், பழந்தாள் என வகுத்து, அதற்குரிய நாளிற் காலையிலே வைத்தல் வேண்டும். முறை பிசகிய பை, எச்சரிக்கைச் சீட்டோடு அங்கேயே கிடக்கும், தெருவே பார்க்கும்! காய்ச்சலால் ஒரு வாரம் நான் பை வைக்கவில்லை. அடுத்த வீட்டு மூதாட்டியார் கதவைத் தட்டிச் சுகம் விசாரித்தார். அவரும் தனியே வாழ்பவர்.

2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, அந்நாட்டு வீடுகளில் நூற்றுக்கு 38 ஒருவரே வாழும் வீடுகள். எவரும் அறியாது வீட்டில் இறந்துகிடப்பதற்குக் 'கொதொகுஷி' என்று பெயரே உண்டு. 2021இல் தனிமைக்கென ஓர் அமைச்சரையும் நியமித்தார்கள். நல்லதே. நானோ அக்காய்ச்சலுக்குப் பின், செவ்வாயும் வெள்ளியும் மூதாட்டியாரின் பை வந்துவிட்டதா என்று பார்த்த பின்னரே வேலைக்குப் புறப்பட்டேன்.