நாபோத்தின் தோட்டமும் நம் நகரமும்

(வானொலி மறையுரை - 1 அரசர்கள் 21:1-19)



அரண்மனைக்கு அருகில் நாபோத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அரசன் ஆகாபு அதைக் கேட்டான், சும்மா கேட்கவில்லை. இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், வேண்டாமென்றால் விலை தருகிறேன் என்றான். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் நாபோத்துக்கு அது மூதாதையர் வழிவந்த உரிமை, மறுத்துவிட்டார். அதன்பின் அரசனின் முத்திரையிட்ட மடல்கள் போயின, ஊர்ப் பெரியோர் கூடினர், சாட்சிகள் வந்தனர். எல்லாம் முறைப்படி நடந்தது. நாபோத்து கல்லெறிந்து கொல்லப்பட்டார்.

மாற்று இடம் கொடுத்துவிட்டால் நீதி முடிந்தது என்பது ஆகாபின் கணக்கு. நம் சென்னையிலும் அந்தக் கணக்கைக் கேட்கிறோம். கூவம், அடையாற்றுக் கரைகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பின் இது வேகமெடுத்தது. ஆற்றங்கரையில் ஆபத்து இருந்தது உண்மைதான். ஆனால் வீட்டுவேலை செய்யும் தாய்க்கும், சுமை தூக்கும் தந்தைக்கும் வேலை நகருக்குள்ளேயே இருக்கிறது. புதிய வீட்டுக்குச் சுவர் இருக்கிறது. பிழைப்போ பல மைல் தள்ளி இருக்கிறது. படிப்பாண்டின் நடுவே பெயர்க்கப்பட்ட பிள்ளைகள் பலர் பள்ளியையே விட்டுவிடுகிறார்கள்.

வேறு வழியே இல்லையா? 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், ஆரம்ப ஆண்டுகளில் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடிகளைக் கட்டியது. கடற்கரை ஓரத்து நொச்சிக்குப்பம் அதற்குச் சாட்சி. வாழ்வுரிமைக்குள் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று, மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலில், குடிசைப் பகுதிகளை அழிப்பதைவிட அங்கேயே மேம்படுத்தச் சொல்கிறார். இடம் மாற்றியே ஆகவேண்டுமென்றால், மக்களுக்கு முன்கூட்டியே முழு விவரம் சொல்லப்பட வேண்டும். தகுந்த வீடுகளில் தெரிவு தரப்பட வேண்டும். முடிவெடுப்பதில் அவர்களும் பங்குபெற வேண்டும் என்கிறார். சலுகையாக அல்ல, நீதியாகவே இதைக் கேட்கிறோம்.

அன்பார்ந்தவர்களே, நாபோத்தை வீழ்த்தியது ஈசபேலின் மடல் மட்டுமா? அவருடைய ஊர்ப் பெரியோர் ஒருவராவது "இது பொய்" என்று சொல்லியிருக்கலாம். யாரும் வாய் திறக்கவில்லை. நம் பங்குகளுக்கு இதில் பாடம் உண்டு. பட்டா இல்லாத மக்கள் வாழும் பகுதி எது என்பது நம் அன்பியங்களுக்குத் தெரியும். கணக்கெடுப்பு வரும்போது வாடகைக் குடித்தனக்காரரும் விதவைகளும் விடுபடாதபடி உடன் நிற்போம். மனு எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுப்போம். சட்டம் படித்தவர்கள் ஒரு மாலை நேரத்தை ஒதுக்குவோம். அருகிலேயே வீடு கேட்போம். தேர்வு முடியும்வரை கால அவகாசம் கேட்போம். நம் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவர் எங்கே குடியிருக்கிறார், அந்த இடத்துக்கு என்ன நேரப்போகிறது என்பதையாவது விசாரிப்போம்.

கடவுள் எலியாவை அரண்மனைக்கு அனுப்பவில்லை. அபகரிக்கப்பட்ட அந்தத் தோட்டத்துக்கே அனுப்பினார். நாமும் அங்கே போய் நிற்போம்.

ஏழைகளின் குரலைக் கேட்கும் ஆண்டவரே, எங்கள் மௌனத்திலிருந்து எங்களை விடுவித்தருளும். ஆமென்.