மறவாது கற்கும் பொறி

ஹற்றனிலும் நுவரெலியாவிலும் மலைச்சரிவில் நின்று கொழுந்தெடுக்கும் பெண், இரண்டு இலையும் ஒரு மொட்டும் கண்ணிற் பட்ட கணமே கிள்ளிக் கூடையில் இடுகிறாள். 1946ஆம் ஆண்டில் கொப்புள நோய் என்னும் பூஞ்சண நோய் இலங்கைத் தேயிலையைப் பற்றியது. நோயுற்ற இளந்தளிர் எத்தகையதென்று தோட்டத்து மக்கள் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று. கற்றனர், ஆயினும் அதன்பொருட்டுக் கொழுந்தெடுக்கும் கைப்பழக்கத்தை எவரும் மறந்துவிடவில்லை.

மனிதர்க்கு இயல்பான இச்செயல், செயற்கை நுண்ணறிவுக்கு அரிய செயலாகும். மூளையிலே நரம்பணுக்களின் இணைப்புகள் பழக்கத்தால் வலுப்பெறுகின்றன என்ற கருத்தை டொனால்ட் ஹெப் என்னும் கனடிய அறிஞர் 1949இல் எடுத்துரைத்தார். கற்கும் பொறியும் தன்னுள் அமைந்த இணைப்புகளின் வலுவை மாற்றியே கற்கிறது. நல்ல கொழுந்தின் படங்களை முதலிற் காட்டிப் பயிற்றிய பொறிக்குப் பின்னர் நோயிலையின் படங்களை மாத்திரம் காட்டினால் என்ன நேரும்? புதிய பாடத்துக்காக அதே இணைப்புகள் மாற, பழைய பாடம் அழிந்துபோகக்கூடும். இக்குறையை மக்கிளொஸ்கி, கோயன் ஆகிய இருவரும் 1989இல் எடுத்துக்காட்டினர்.

மூளை இவ்விடரிலிருந்து தப்புவது எங்ஙனம்? பகலில் எலி நடந்த இடங்களுக்குரிய நரம்பணுக்கள், அது உறங்கும்போது மீண்டும் ஒருங்கே இயங்குவதை வில்சனும் மக்நோட்டனும் 1994இல் கண்டனர். மூளையின் உட்பகுதியான ஹிப்போகம்பஸ் புதியதை விரைந்து பற்றிக்கொள்ள, மேற்புறணி அதனைப் பழைய அறிவோடு சிறிது சிறிதாக இணைத்துக்கொள்கிறது என்ற விளக்கம் 1995இல் வெளியாயிற்று. மாணவன் பழைய பாடத்தை மீட்டுப் பார்ப்பது போன்றதே இது.

இவ்வுண்மையைப் பொறியிலும் புகுத்தினர். பழைய உதாரணங்களைப் புதியவற்றோடு கலந்து காட்டுவது ஒரு வழி. முன்கற்ற பாடத்துக்கு இன்றியமையாத இணைப்புகளை எளிதில் மாறாதவாறு காப்பது மற்றொரு வழி. இலண்டனிலுள்ள டீப்மைண்ட் ஆய்வாளர் இதனை 2017இல் வெளியிட்டனர். எனினும் இப்புதிர் முற்றாக அவிழ்ந்துவிடவில்லை.

நாளை ஒரு பொறி தேயிலைச் செடியின் நோயை இனங்காணுமாயின், அதற்கு இது நல்லிலை, இது நோயிலை என்று முதலிற் காட்டுவோர் செடியோடு பழகியவரே. பொறி புதியதைக் கற்கும்போது பழையதை இழத்தல் ஆகாது; பொறி வந்ததென்று, அதற்குக் கற்பித்த கண்களையும் கைகளையும் மனிதர் மறத்தலும் ஆகாது.