நிறைகோல் சாயாதிருக்க: கருவி இடைவெளியும் ஆசிரியர் கடமையும்

  

நன்னூல் யாத்த பவணந்தி முனிவர் நல்லாசிரியரை நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கனோடு ஒப்பிடுகின்றார். இந்நான்கனுள் இன்றைய வகுப்பறைக்குப் பெரிதும் வேண்டப்படுவது நிறைகோலே எனலாம். உள்ள அளவை உள்ளவாறு காட்டுவதும், எப்பக்கமும் சாயாது நிற்பதும் அதன் இயல்பு. கணிப்பொறியும் இணையமும் கல்விக்குள் புகுந்துவிட்ட இக்காலத்தில், கருவி உடைய பிள்ளை ஒரு தட்டிலும் இல்லாத பிள்ளை மறு தட்டிலும் அமர்ந்திருக்கின்றனர். கோலைப் பிடித்திருப்பவர் ஆசிரியர்.

ஏட்டுக் காலத்து இடைவெளி

இவ்விடைவெளி புதியதன்று. அச்சு பரவாத நாளில் ஏட்டுச் சுவடியே கல்விக் கருவி. அது இருந்த இடத்திற் கல்வி இருந்தது. இல்லாதவன் தேடி அலைந்தான். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இளமையில் தண்டியலங்காரம் கற்க விரும்பியபோது, அதனை அறிந்திருந்தவர் பிச்சையேற்று உண்ணும் ஒரு பரதேசி. அவர் பின்னே சென்று பணிந்து அந்நூலைப் பாடங்கேட்ட செய்தியை உ.வே. சாமிநாதையர் தம் ஆசிரியரின் வரலாற்றில் எழுதியுள்ளார். பின்னாளில் அம்மகாவித்துவான் தம்மை அடைந்த ஏழை மாணாக்கர்க்குப் பாடத்தோடு உணவும் அளித்துப் புரந்தார். இல்லாமையின் துன்பத்தை அறிந்தவரே அதனைத் துடைக்க முற்படுவர் என்பதற்கு இது சான்று.

மற்றொரு செய்தியும் எண்ணத்தக்கது. சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற ஆண்மக்களுக்கென இருந்த பள்ளியை நடத்திய ஆண்டுரு பெல், மணலில் விரலால் எழுதிப் பழகும் நாட்டுப் பள்ளி முறையைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். கற்ற மாணவன் கல்லாத மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தார். 1797இல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். மணலுக்கு விலையில்லை; செல்வன் மகனும் வறியன் மகனும் ஒரே மணலில் எழுதினர். கருவி எளியதாயின் வேற்றுமை குறைகின்றது. கருவி அரியதாயின் பகிர்ந்துகொள்ளும் முறை வேண்டப்படுகின்றது. இவ்விரண்டும் இன்றைக்கும் பொருந்தும் உண்மைகள்.

2020 காட்டிய உண்மை

2020 மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது இடைவெளியின் ஆழம் வெளிப்பட்டது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் மேல்நிலை மாணவர் பலருக்குத் துணையாயிற்று. சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு அத்துணை இல்லை. ஊரகப் பிள்ளைகளைப் பற்றி இந்திய அளவில் எடுக்கப்பட்ட ‘ஏசர்’ கல்விநிலை அறிக்கை (2021) ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. பள்ளிப் பிள்ளைகளுள் 67.6 விழுக்காட்டினர் வீடுகளில் திறன்பேசி இருந்தது. ஆயின் அவ்வீடுகளிலும் 26.1 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு அது கைக்கு எட்டவில்லை. வீட்டில் இருப்பது வேறு, பிள்ளைக்குக் கிடைப்பது வேறு. தந்தை வேலைக்குச் செல்லும்போது செல்பேசியும் உடன் செல்கின்றது. மாலையில் அது திரும்பினால் முதலில் அண்ணன் கைக்கும் பின்னர்த் தங்கை கைக்கும் வருகின்றது.

அந்நாளில் பெரிதும் கைகொடுத்தது, 2019இல் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி. பல வீடுகளில் முன்னரே தொலைக்காட்சிப் பெட்டி இருந்தமையே அதற்குக் காரணம். 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யோ கருவியை நம்பாமல் மனிதரை நம்பியது. தன்னார்வலர் தெருவுக்கே வந்து மாலைப் பொழுதில் கற்பித்தனர். புதிய கருவியைத் தேடுமுன் கையில் உள்ள கருவியை எண்ணுக என்பதே இவற்றின் பாடம்.

ஆசிரியர் செய்யத்தக்கன

முதற்கண், அறிதல். எந்தப் பிள்ளையின் வீட்டில் எக்கருவி உண்டு, அது யார் கையில், எந்நேரத்தில் கிடைக்கும் என்பதை ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். “செல்பேசி இல்லாதவர் கை தூக்குக” என வகுப்பிற் கேட்டல் அறிவதாகாது, நாணச் செய்வதாகும். தனித்து வினவலும் பெற்றோரொடு உரையாடலும் நன்று.

இரண்டாவது, ஒப்படைப்பை நிறுத்துப் பார்த்தல். வண்ணப்படத்தோடு அச்சிட்டு வந்த ஏட்டிற்கு நிறைமதிப்பெண்ணும், கையால் எழுதி வந்த ஏட்டிற்குக் குறைமதிப்பெண்ணும் அளித்தால், அளக்கப்பட்டது மாணவன் அறிவன்று; அவன் தந்தையின் வருவாய். பாடநூலில் அச்சிட்டுள்ள விரைவுக் குறியீடும் செல்பேசி இல்லாத பிள்ளைக்கு வெறும் கறுப்புக் கட்டமே. அதன் உள்ளடக்கத்தை வகுப்பில் ஒருமுறை எல்லார்க்கும் காட்டிவிட்டால் அக்கட்டம் திறந்துவிடும்.

மூன்றாவது, பள்ளிக் கருவியை முறையாகப் பகிர்தல். ஒரு கணிப்பொறியைச் சுற்றி ஐவர் அமர்ந்தால், வீட்டிற் பழகியவன் விசைப்பலகையைக் கைக்கொள்வான். ஏனையோர் பார்வையாளர் ஆவர். இல்லாதவர்க்கு முதன்முறை, கற்றவன் கற்பிக்கத் துணைநிற்றல், ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வாய்ப்பு என்பன விதிகளாதல் வேண்டும். ஆய்வகம் பூட்டியே இருந்து பழுதாவதைவிடப் பிள்ளைகள் தொட்டுத் தேய்வது மேல்.

தமிழாசிரியரின் தனிப்பங்கு

ஆங்கிலம் அறிந்தவர்க்கே கணிப்பொறி என்னும் அச்சம் எளிய பிள்ளைகளைப் பெரிதும் தடுக்கின்றது. அவ்வச்சத்தை அகற்ற வல்லவர் தமிழாசிரியரே. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாக உருவான ‘தமிழ்99’ விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்புறம் உள்ளன. ககர விசையைத் தட்டிப் பின் ஆகார விசையைத் தட்டினால் ‘கா’ தோன்றும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் இலக்கணம் திரையில் கண்முன் நிகழ்கின்றது. நெடுங்கணக்கு அறிந்த எப்பிள்ளையும் இதனைக் கற்கலாம். எழுத்திலக்கண வகுப்பே கணிப்பொறி வகுப்பும் ஆகலாம்.

கருவி வாங்கித் தருதல் ஆசிரியரால் இயல்வதன்று. அஃது அரசின் கடன். ஆசிரியர்க்குப் பயிற்சியும் காலமும் அளித்தலும் அரசின் கடனே. அக்கடன் முழுதும் தீருமட்டும் காத்திருப்பின், இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை பள்ளியை விட்டே போய்விடும். கருவி இல்லாத பிள்ளை மந்தபுத்தி உடையதன்று. மெல்லக் கற்பதும் அன்று. வாயில் திறவாமல் வெளியே நிற்பது. அவ்வாயிலைத் திறப்பதற்கு முன், வெளியே நிற்பவர் யாவர் எனக் காணும் கண் வேண்டும். அக்கண் உடைய ஆசிரியர் கையில் நிறைகோல் சாயாது.