பாரசீகத்தில் ஓர் அறிமுகம்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



பாரசீகக் கவிதையைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்தார். அதற்குரிய தகுதி எனக்கில்லை. மூன்றாண்டுகளாக அம்மொழியின் வாசற்படியில் நின்றுகொண்டிருக்கும் மாணவன் நான். வாசலில் நிற்பவன் முதலில் செய்யவேண்டியது தன் பெயரைச் சொல்வது; உடன் வந்தவர் இருந்தால் அவரையும் இன்னார் என்று சொல்வது. அந்த முதற்பாடத்தைப் பற்றி மட்டுமே பேச முன்வந்திருக்கிறேன்.

உமர் கய்யாமைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் தமிழில் படித்து மகிழாதவர் இந்த அவையில் இரார். ஆனால், கவிமணிக்குக் கய்யாமைக் காட்டியது எட்வர்டு பிட்ஸ்ஜெரால்டு 1859ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்ட ஆங்கில ஆக்கம். அதாவது, ஒருவர் அறிமுகம் செய்துவைக்க, அவரிடம் அறிமுகமானவர் நமக்கு அறிமுகம் செய்துவைத்தார். அந்த இருவருக்கும் நாம் கடன்பட்டவர்கள். என்றாலும் ஒருமுறையேனும் நேரில் சென்று 'நான் இன்னான்' என்று சொல்ல ஆசை எழுவது இயல்புதானே?

அம்மொழியோ நமக்கு முற்றிலும் அயலன்று. தர்பார், பஜார், சிப்பாய், குமாஸ்தா, பந்தோபஸ்து என்று அதன் சொற்கள் பல நம் தெருக்களிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலமாகக் குடியிருக்கின்றன. வந்தவர்களை நாம் ஊர் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் வாக்கியம் இது: 'எஸ்மெ மன் கண்ணன் அஸ்த்.' என் பெயர் கண்ணன். 'எஸ்ம்' என்றால் பெயர். 'மன்' என்றால் நான். 'அஸ்த்' என்றால் இருக்கிறது. வினைமுற்று நம் மொழியைப் போலவே இறுதியில் வந்து நிற்கிறது. 'அஸ்த்' என்பதைக் கேட்டதும் வடமொழியின் 'அஸ்தி' நினைவுக்கு வந்தால் அது தவறன்று. இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்கள்.

ஆனால் 'என் பெயர்' என்பது அங்கே தலைகீழாகிறது. பெயர் முன்னே வருகிறது. உடையவன் பின்னே வருகிறான். இரண்டையும் ஓர் எகரம் கட்டி நிறுத்துகிறது. இலக்கணிகள் இதனை 'எஸாஃபெ' என்பர். நண்பன் 'தூஸ்த்', என் நண்பன் 'தூஸ்தெ மன்'. முன்நிற்கும் சொல் ஆகாரம் போன்ற உயிரில் முடிந்தால் எகரம் 'யெ' ஆகிவிடும். நம் யகர உடம்படுமெய்யைப் பார்ப்பது போலவே இருக்கும். ஜலாலுத்தீன் ரூமியின் பெருந்தொகுப்புக்குத் 'தீவானெ ஷம்ஸெ தப்ரீஸீ' என்று பெயர். அந்த ஒரு பெயரிலேயே இரண்டு கட்டுகள் இருப்பதைக் காணலாம்.

இதில் வியப்பு என்னவென்றால், மெய்யில் முடியும் சொல்லின்பின் வரும் இந்த எகரத்தைப் பெரும்பாலும் எழுதுவதேயில்லை. ஏட்டில் 'தூஸ்த்' என்றும் 'மன்' என்றும் இரண்டு சொற்களே கிடக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள உறவை வாசிப்பவன்தான் தன் குரலில் கொடுக்க வேண்டும். தொடக்க மாணவன் இடறும் இடம் இதுவே. கவிதை படிப்பவனுக்கும் இதுவே சோதனை. எந்தச் சொல் எந்தச் சொல்லுக்கு உரியது என்று தெரியாவிட்டால் ஓசையும் கெடும், பொருளும் கெடும்.

'நான் தமிழன்' என்று நாம் இரண்டு சொற்களில் முடித்துவிடுகிறோம். பாரசீகத்தில் 'மன் தாமில் ஹஸ்தம்' என்று வினை கேட்கும். அதையே சுருக்கித் 'தாமிலம்' என்றும் சொல்லலாம். இறுதியில் உள்ள 'அம்' என்பதே 'நான்' என்பதைக் காட்டிவிடும். இதைக் கற்றபோது எனக்கு நம் பழைய குறிப்பு வினைமுற்று நினைவுக்கு வந்தது. எளியேன், தமியேன், நல்லேன் என்பவற்றில் 'ஏன்' செய்யும் வேலையை அங்கே 'அம்' செய்கிறது. நலமாக இருக்கிறேன் என்பதற்கு அவர்கள் 'கூபம்' என்கிறார்கள். 'கூப்' என்றால் நன்று. சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது நம் 'நல்லேன்'தான்.

தன்னைத் தாழ்த்திச் சொல்லும் பணிவும் அங்கே உண்டு. மரபு அறிந்தவர்கள் 'மன்' என்பதற்குப் பதிலாகப் 'பந்தெ' என்பார்கள். கட்டுண்டவன், அடிமை என்பது அதன் மூலப் பொருள். நம் 'அடியேன்' அதற்கு நேர். எதிரிலிருப்பவரின் பெயரைக் கேட்கும்போது 'எஸ்மெ ஷரீஃபெ ஷொமா?' என்று அந்தப் பெயருக்கே 'மேன்மை பொருந்திய' என்று அடைகொடுக்கிறார்கள். 'தோ' என்றால் நீ. 'ஷொமா' என்றால் நீங்கள். இந்த வேறுபாட்டைத் தமிழனுக்கு விளக்கவேண்டியதில்லை. பெயர் தெரிந்ததும் 'கோஷ்வக்தம்' என்பார்கள். நல்ல நேரம் வாய்க்கப்பெற்றேன் என்று விரித்துக்கொள்ளலாம்.

இனிப் பிறரை அறிமுகம் செய்வது. இங்கேதான் கவிஞர்கள் கவனிக்கவேண்டிய செய்தி இருக்கிறது. பாரசீகத்தில் அவன், அவள் என்ற பாகுபாடு கிடையாது. 'ஊ' என்ற ஒரே சொல்தான். காதற்பாட்டில் காதலிக்கப்படுபவர் ஆணா பெண்ணா என்பதைச் சொல்லாமலே ஒரு கஸல் முடிந்துவிடலாம். தமிழில் பெயர்ப்பவனோ முதல் அடியிலேயே 'அவள்' என்றோ 'அவன்' என்றோ தீர்ப்பளிக்க வேண்டியிருக்கிறது. மூலம் திறந்து வைத்த கதவொன்றை அவன் விரும்பாமலே சாத்திவிடுகிறான். 'அவர்' என்று போட்டால் மரியாதை வருகிறது, நெருக்கம் போய்விடுகிறது. இதற்கு வழி எனக்குத் தெரியவில்லை. பெயர்ப்புப் பணியில் இருக்கும் நண்பர்கள் சிந்திக்க வேண்டுகிறேன்.

உறவைச் சொல்வதற்கு 'ஹம்' என்றொரு முன்னொட்டு உண்டு. உடன் என்பது பொருள். ஹம்கார் என்றால் உடன் பணிபுரிபவர். ஹம்ஷஹ்ரீ என்றால் ஒரே ஊர்க்காரர். ஹம்ஸபான் என்றால் ஒரே மொழி பேசுபவர். ஹம்தெல் என்றால் ஒத்த நெஞ்சர். அண்டை வீட்டுக்காரர் 'ஹம்ஸாயெ'. 'ஸாயெ' என்றால் நிழல். ஒரே நிழலில் இருப்பவர் என்று அயலாரை அழைக்கும் மொழியை நேசிக்காமல் இருக்க முடியுமா?

கவிஞர்கள் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் முறை தனி. கஸலின் இறுதிக் கண்ணியில் தம் புனைபெயரை வைத்துவிடுவார்கள். ஹாஃபிஸ் என்றால் குர்ஆனை மனனம் செய்தவர். கய்யாம் என்றால் கூடாரம் செய்பவர். அத்தார் என்றால் மருந்தும் நறுமணப்பொருளும் விற்பவர். பதிகத்தின் திருக்கடைக்காப்பில் ஞானசம்பந்தர் தம் பெயர் சொல்வதை அறிந்த நமக்கு இது புதிதன்று. ரூமி ஒருபடி மேலே போனார். பல கஸல்களின் முடிவில் தம் பெயரை வைக்காமல், தம் ஆன்மத் தோழர் ஷம்ஸின் பெயரை வைத்தார். 'நான் யார்?' என்ற கேள்விக்கு இன்னொருவர் பெயரை விடையாகச் சொன்னார். கனகசுப்புரத்தினம் 'பாரதிதாசன்' ஆனதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இறுதியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். எனக்குப் பாடம் சொன்னவர் இங்கே படிக்க வந்திருந்த ஓர் ஈரானிய மாணவி. முதல் வகுப்புக்கு என்னோடு நண்பர் ஒருவரும் வந்தார். இந்த வட்டத்தின் முதல் கூட்டத்துக்குத் தம் வீட்டு நாற்காலிகளைத் தலையில் சுமந்து வந்தவர் அவர். உங்களில் பலருக்குத் தெரியும். நான் பெருமையோடு, 'ஊ தூஸ்தெ மன் அஸ்த்' என்றேன். ஆசிரியை மெல்லத் திருத்தினார். வயதில் மூத்தவரை 'ஊ' என்னலாகாது. 'ஈஷான்' என்று பன்மையில் சொல்லி, வினையையும் பன்மையாக்கி, 'ஈஷான் தூஸ்தெ மன் ஹஸ்தந்த்' என்னவேண்டும் என்றார். 'இவர்கள் என் நண்பராக இருக்கிறார்கள்' என்று நான் தமிழ்ப்படுத்தியதும், "இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் எனக்கு மரியாதை கொடுத்திருக்கிறாய்" என்று சொல்லி நண்பர் சிரித்தார்.

கடந்த ஆண்டு அவர் மறைந்தார். அதற்குப் பின் நான் வகுப்புக்குப் போனபோது, ஆசிரியை அவருடைய படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். நான் அந்தப் பழைய வாக்கியத்தையே சொன்னேன்: 'ஈஷான் தூஸ்தெ மன் ஹஸ்தந்த்.' இலக்கணப்படி அது பிழை. இறந்தகாலத்தில் 'பூதந்த்' என்றிருக்க வேண்டும். என் பிழை ஒவ்வொன்றையும் விடாமல் திருத்தும் அந்தப் பெண் அன்று திருத்தவில்லை.

அன்பர்களே, பத்தாண்டுகளாக ஒவ்வொரு கூட்டத்தையும் நாம் அறிமுகத்தோடுதான் தொடங்கி வருகிறோம். புதியவர் எழுந்து பெயர் சொல்கிறார்; நாம் கைதட்டுகிறோம்; பிறகு கவிதைக்குப் போய்விடுகிறோம். அதைச் சடங்காக எண்ணிவிட வேண்டாம். பெயரை அவர் சொல்வார். உறவை நாம்தான் சேர்த்துப் படிக்க வேண்டும். இன்று முதல்முறையாக வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் இளைஞர்களுக்கு, அந்த நாற்காலிகளைச் சுமந்தவர் சார்பில் ஒரு சொல்: கோஷ்வக்தம்.