வித்தழிந்தால் சொல்லழியும்



வல்வில் ஓரியின் கொல்லிமலையைத் தமிழர் மேடைதோறும் போற்றுகின்றனர். புறநானூற்றில் வன்பரணர் அவனைப் பாடியதையும் எடுத்துரைக்கின்றனர். தக்கதே. ஆயின், அம்மலையில் இன்று விளைவது யாது என்று வினவியோர் எத்துணைப் பேர்?

நாமக்கல் மாவட்டத்தில், 70 கொண்டையூசி வளைவுகளுக்கு மேலே பரந்து கிடக்கிறது அம்மலை. அங்கு வாழும் பழங்குடியினர்க்கு மலையாளி என்று பெயர், மொழியோ தமிழே. வான்மழை ஒன்றையே நம்பிச் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவற்றை அவர்கள் விளைத்தனர். அவற்றின் பெயர்களைக் கேண்மின்: மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, பெருஞ்சாமை, அரிசிக் கேழ்வரகு! எந்த அகரமுதலியைப் புரட்டி வைத்த பெயர்கள் இவை? நிலமே ஏடாக, உழவே ஆசானாக அமைந்த சொற்கள் அல்லவா?

பின்னர் மரவள்ளி மலையேறிற்று. தென்னமெரிக்காவினின்று வந்த அக்கிழங்கை வெறுக்க வேண்டா. ஏழையர் பசியை அது ஆற்றியதுண்டு. ஆனால், கொல்லிமலையில் அது பெரிதும் சவ்வரிசி ஆலைகளுக்காகவே விளைகிறது. சரிவு நிலத்தில் கிழங்கு தோண்டுங்கால் மண் இளகுகிறது. அடுத்த மழை அதனை அரித்துச் செல்கிறது. விலை வீழ்ந்தாலோ, கிழங்கு விற்று அரிசி வாங்கும் உழவன் வீட்டில் உலையும் ஏறுவதில்லை.

இக்குற்றத்தை உழவன்மேல் ஏற்றலாகாது. சாமையின் உமி கடினமானது. அதனை உரலிலிட்டுக் குற்றிக் குற்றித் தோள் சோர்ந்தவள் பெண். பங்கீட்டுக் கடையில் அரிசி கிடைத்தபோது அவள் உலக்கையைக் கீழே வைத்தது இயல்பே. பழம்பெருமை பேசி அவளை மீண்டும் உரலடியில் நிறுத்துவது அறமாகாது.

1990களில் தொடங்கி, எம்.எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அம்மக்களோடு கூடிச் செய்த பணி இதற்கு வழிகாட்டுகிறது. ஊரார் காக்கும் வித்துக் களஞ்சியம், உமி நீக்கும் சிறு எந்திரம், குழுக்களின் வழி விற்பனை என மூன்றும் ஒருங்கே அமைந்தன. வித்தைக் காப்பதோடு உழைப்பவளின் சுமையைக் குறைப்பதும், விளைந்ததற்கு விலை கிடைக்கச் செய்வதும் வேண்டும் என்பதே அதன் பாடம்.

உலக நாடுகள் 2023ஆம் ஆண்டைச் சிறுகூல ஆண்டாகக் கொண்டாடின. விழா முடிந்தது, வேலை முடியவில்லை. வித்து ஒன்று மறையுங்கால் அதன் பெயரும் மறைகிறது. வித்தைக் காவாது சொல்லை மட்டும் காப்பது, உயிர் போன உடலுக்கு அணி பூட்டுவதாகும்.

ஆகவே, தமிழ் வாழ்க என்று முழங்கும் ஒவ்வொரு வீட்டிலும் கிழமைக்கு இருமுறையேனும் சாமைச்சோறு பொங்குக! உழவர்க்கு உரிய விலை கொடுத்து அதனை வாங்குக! ஓரியின் மலைக்கு நாம் செய்யும் சிறப்பு அதுவே.