மேல இருந்தவ எப்படித் தோத்தா?

இந்த வாரம் மூலனூர்ல எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல ஆடு கத்தினா பொறுத்துக்கங்க.

என்னைப் பத்தி தெரியாதவங்களுக்கு: திருப்பூர்ல பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர் வேலை. 29 வயசுல எம்.எம்.ஏ. கத்துக்கப் போனேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏங்கண்ணு, அடி வாங்கறதுக்குக் காசு வேற கட்டறயா?"

அம்மாவைச் சமாதானப்படுத்த நான் பிடிச்ச பேர்தான் ரித்து போகட். "தங்கல் படத்துல வர்ற குடும்பம்மா"ன்னு சொன்னதும் செல்போன் பக்கம் திரும்பினாங்க. படம் அக்காமார் கீதா, பபிதா கதை. ரித்து அவங்களுக்கு அடுத்த தங்கச்சி. ஆனா ஜனங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், 'தங்கல் பொண்ணு' அவ்வளவுதான்.

ரித்து மல்யுத்தத்துல சின்ன ஆள் இல்லை. 2016 காமன்வெல்த் மல்யுத்த சாம்பியன்ஷிப்பில் தங்கம், 2017ல் 23 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் வெள்ளி. 2019ல், டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு எல்லாரும் தயாராகிட்டிருந்த நேரத்துல, அதை விட்டுட்டு சிங்கப்பூருக்கு எம்.எம்.ஏ. பழகப் போயிட்டாங்க. வீட்டுல இருந்து ஒரு பொண்ணு ஒலிம்பிக்ஸை விட்டுட்டு இப்படிப் போறதுன்னா, யோசிச்சுப் பாருங்க.

அந்த வருஷம் நவம்பர்ல 'ஒன் சாம்பியன்ஷிப்'புக்காக முதல் சண்டை. வயசு 25. இடம் பெய்ஜிங். தங்கல் இந்தியாவை விட சீனாவுலதான் அதிகமா வசூல் பண்ணின படம். அதனாலதான் அங்க வெச்சாங்களான்னு தெரியாது, எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ரித்து முதல் ரவுண்டிலேயே ஜெயிச்சாங்க. தொடர்ந்து இன்னும் மூணு வெற்றி. எதிராளியைத் தூக்கிக் கீழ போடறது, மேல ஏறி அமுக்கறது, குத்தறது. இவ்வளவுதான் வித்தை. அதுவே போதுமா இருந்துச்சு.

2021ல ஏழு மாசத்துக்குள்ள அஞ்சு சண்டை. மே மாசம் பீ நுயென்கிட்ட நூலிழையில தோல்வி. அதுக்கப்புறம் வரிசையா மூணு ஜெயிச்சு, பெண்கள் கிராண்ட் ப்ரீ ஃபைனலுக்கு வந்தாங்க. டிசம்பர் 3, சிங்கப்பூர். எதிர்ல தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ்.

இதைத்தான் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். ரெண்டாவது ரவுண்டுல ரித்து ஸ்டாம்பைக் கீழ தள்ளி மேல வந்துட்டாங்க. அம்மா "அவ்வளவுதான், முடிஞ்சுது"ன்னாங்க. முடிஞ்சதென்னவோ வாஸ்தவம். ஆனா கீழ கிடந்த ஸ்டாம்ப் ரெண்டு காலாலயும் சுத்திப் பிடிச்சு, ரித்து கையை நீட்டி இழுத்து, முழங்கையை எதிர்ப்பக்கம் வளைச்சாங்க. ஆர்ம்பார்னு சொல்ற பிடி. விட்டா மூட்டு போயிடும். ரித்து தோல்வியை ஒத்துக்க வேண்டியதாயிடுச்சு.

"மேல இருந்தவ எப்படிடி தோத்தா?"

அம்மா கேட்டது சாதாரணக் கேள்வி இல்லைங்க. மல்யுத்தத்துல எதிராளியின் ரெண்டு தோளையும் பாயில அழுத்திட்டா ஆட்டம் முடிஞ்சுது. எம்.எம்.ஏ.ல அங்கதான் அடுத்த ஆட்டமே ஆரம்பிக்குது. சின்ன வயசுல இருந்து "மேல வந்துட்டா ஜெயிச்சாச்சு"ன்னு ஊறின உடம்பு, அந்த ஒரு நொடியில பாதுகாப்பா இருக்கோம்னு நம்பிடும்.

லேட்டா ஆரம்பிக்கறதுன்னா எல்லாரும் நேரம் பத்தாதுன்னுதான் சொல்றாங்க. என் கணிப்புல, பழைய பழக்கத்தை மறக்கறதுதான் அதைவிடக் கஷ்டம். ஸ்டாம்பும் சின்ன வயசுல இருந்து மய் தாய் அடிச்சு வளர்ந்த ஆள்தான், தரைப் பிடி அவங்களுக்கும் பின்னாடி வந்த பாடம். ஆனா அவங்களுக்குத் தரையில மறக்க வேண்டியது ஒண்ணும் இல்லை.

2022ல டிஃபனி டியோகிட்டயும் பிடியில மாட்டித்தான் தோல்வி. அப்புறம் குழந்தை. 2025 பிப்ரவரியில கத்தார்ல திரும்ப வந்தாங்க, அயாகா மியூரா முதல் ரவுண்டிலேயே பிடியில முடிச்சுட்டாங்க. 'குடும்பப் பேரை வெச்சு ஓட்டறாங்க'ன்னு கமெண்ட் போடறவங்களைப் பார்த்தா எனக்குக் கோவம் வரும். பேரு கூட்டத்தைக் கூட்டிட்டு வரும், சரி. கூண்டுக்குள்ள கையை வளைக்கறப்ப எந்தப் பேரு வந்து நிக்கும்? குழந்தை பெத்துட்டு அதே கூண்டுக்குள்ள மறுபடி ஏறினதுக்காகவே நான் அவங்க ரசிகை.

எனக்கு மறக்க வேண்டிய பழக்கம் ஒண்ணு இருக்கு. அடி வந்தா கண்ணை மூடிக்கறது. ஏன், எப்ப ஆரம்பிச்சுதுன்னு இந்த எபிசோடுல வேண்டாம். ஒன்றரை வருஷமா மாஸ்டர் கத்திக்கிட்டே இருக்கார், "கண்ணைத் திற, கண்ணைத் திற."

அடுத்த மாசம் எனக்கு முதல் அமெச்சூர் சண்டை. ஷிப்மென்ட் தேதியும் அதே வாரம்தான், லீவு இன்னும் கேக்கலை. நேத்து ராத்திரி சாப்பிடறப்ப அம்மா தலையை நிமிராமலே கேட்டாங்க: "தாராபுரத்துல இருந்து திருப்பூருக்கு விடியக்காலம் எத்தனை மணிக்கு பஸ்ஸு?"