முரசில் தோன்றும் கட்டி



உக்குவளைப் பகுதியிலே பல்வலி என்றால் முதலிற் கைக்கு எட்டுவது கராம்பு. அயலில் விளைவது, கடித்துக்கொண்டால் வலி மரத்துப்போகும். அதனால் தீங்கில்லை. ஆனால், வலி அடங்கியதும் அதன் காரணத்தை நாம் தேடுவதில்லை. முரசு என்று நாம் வழங்கும் பல்லீறிலே ஒரு கட்டி தோன்றினால், பழி முழுவதும் பல்லின் மீதே விழுகின்றது. மிக அரிதாக அதன் மூலம் வயிற்றின் வலப்புறத்தே, கல்லீரலில் இருப்பதுண்டு.

ஈரலுக்கும் ஈறுக்கும் என்ன தொடர்பு என்று வியப்பீர்கள். கல்லீரலிற் புற்று வளரும்போது அதன் கலங்கள் சில இரத்த நாளங்களுட் புகுந்து, இதயத்தின் வழியே நுரையீரலை அடைகின்றன. பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். எனினும் முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் நாளங்களில் குருதியைத் திரும்பவிடாது தடுக்கும் வால்வுகள் இல்லை. இதனை 1940இல் அமெரிக்க உடற்கூற்றறிஞர் ஒஸ்கார் பாற்சன் விளக்கினார். அவ்வழியாக, நுரையீரலைத் தொடாமலே அக்கலங்கள் தலைப்பகுதியை அடையக்கூடும். கீழ்த்தாடையின் பின்பகுதியும், அழற்சியினாற் குருதி மிகுந்துள்ள ஈறும் அவற்றுக்கு வாய்ப்பான இடங்கள்.

அக்கட்டி சிவந்து, மெதுவாயிருந்து, தொட்டால் இரத்தம் வடிக்கும். பார்வைக்குச் சாதாரண ஈறுவீக்கம் போலவே தோன்றும். சிறு துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்க்கும்போதுதான், வாய்க்கு உரியதல்லாத ஈரற்கலங்கள் அங்கே காணப்படும். சிலருக்கு ஈரலில் நோய் இருப்பதே இவ்வாறுதான் முதன்முதலில் தெரியவருகின்றது.

இங்கே ஓர் ஆபத்தைச் சொல்லவேண்டும். குருதியை உறையச் செய்யும் பொருள்களுட் பெரும்பாலானவற்றை ஆக்குவது கல்லீரலே. அது பழுதுற்றவருக்குப் பல்லைப் பிடுங்கினாலோ கட்டியைக் கீறினாலோ இரத்தம் எளிதில் நிற்காது. செங்கண்மாரி, நெடுநாள் மதுப்பழக்கம், ஈரல் நோய் ஆகியவை இருந்தால், பல்லிற் கைவைக்குமுன் வைத்தியரிடம் அதனைக் கூறுதல் வேண்டும். வெட்கத்தால் மதுவை மறைப்போரே அதிகம்!

உலகின் பல நாடுகளில் ஈரற் புற்றுக்குத் தலையாய காரணம் ஹெபரைற்றிஸ் பி வைரசு. அதனைக் கண்டறிந்த புளூம்பேர்க் 1976இல் நோபெல் பரிசு பெற்றார். அதற்கான தடுப்பூசி 2003 முதல் நம் நாட்டுக் குழந்தைகளுக்கு வழங்கப்பட்டு வருகின்றது. இங்கு அவ்வைரசு குறைவு. மதுவும், நீரிழிவோடு சேர்ந்துவரும் கொழுப்புப் படிந்த ஈரலுமே நாம் அஞ்சவேண்டியவை.

ஈரலிலிருந்து வந்த கட்டி அரிது என்றேன். வாயிற் காணும் புற்றுகளுள், உடலின் வேறெந்த உறுப்பிலிருந்தும் வந்தவை எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு ஒன்று என்ற அளவே. எஞ்சியவை வாயிலேயே தோன்றுபவை. நம் நாட்டு ஆண்களிடையே புற்றுநோய்களுள் முன்னிற்பதும் வாய்ப்புற்றே. புகையிலையைக் குறைகூறுவோர் பாக்கை விட்டுவிடுகின்றனர். புகையிலை சேராவிடினும் பாக்கு புற்றை விளைவிக்கும் என்பதைப் புற்றுநோய் ஆய்வுக்கான அனைத்துலக நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூலில் உறுதிசெய்தது. தாம்பூலம் நம் மங்கல மரபு என்பதை மறுக்கவில்லை. தட்டில் வைப்பது மரபு. நாள்தோறும் கொடுப்பில் அடக்கிவைப்பது வேறு.

1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வர்ணகுலசூரியவும் அவருடன் பணியாற்றியோரும் இலங்கையில் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டனர். கிராமச் சுகாதார ஊழியர்களே பல்லாயிரம் மக்களின் வாயைப் பார்த்து, ஐயத்துக்குரியவர்களைத் தெரிந்து, மேற்பரிசோதனைக்கு அனுப்பினர். ஊழியர்களின் கண் பெரிதும் தவறவில்லை. ஆனால் அனுப்பப்பட்டோருள் பாதிக்குச் சற்றுக் கூடியவர்களே போனார்கள். ஏனையோர் போகவில்லை. வலியில்லாத புண்ணுக்காக ஒருநாட் கூலியை இழப்பானேன் என்று எண்ணுவது தோட்டத்திலும் வயலிலும் உழைப்போர்க்கு இயல்பே. அதை நான் எளிதிற் கண்டிக்கமாட்டேன்.

ஆயினும், மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெண்திட்டு, செந்திட்டு, இரத்தம் கசியும் கட்டி, காரணமின்றி ஆடும் பல், கீழுதட்டில் மரத்த உணர்வு ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் கராம்பை ஒருபுறம் வைத்துவிட்டுப் புறப்படுங்கள். மாத்தளை வைத்தியசாலை அருகிலேயே உள்ளது. பேராதனையிலுள்ள பல் போதனா வைத்தியசாலையும் உக்குவளையிலிருந்து ஒரு முற்பகலிற் சென்றடையும் தூரமே. போகும்போது, முன்பு பெற்ற சிகிச்சைத் துண்டுகளையும் உண்ணும் மருந்துகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.